ஆல்கேனும் ஆல்கீனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் ஒன்னில் ஹைட்ரோகார்பன் பாடம் ஆரம்பித்துவிட்டால் கேள்விகள் வரிசை கட்டி வரும். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். ஹைட்ரோகார்பன் என்றால் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் உள்ள சேர்மம். அதில் ஒற்றைப் பிணைப்புகள் மட்டும் இருந்தால் ஆல்கேன், கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஆல்கீன். இரண்டு கார்பன் உள்ள ஆல்கேன் ஈத்தேன், இரண்டு கார்பன் உள்ள ஆல்கீன் ஈத்தீன். கல்லூரியில் முதலாண்டு படிப்பவர்களுக்கும் உதவும். வினைப் பட்டியலை உருப்போட வைப்பது என் நோக்கம் இல்லை. எலக்ட்ரான் எங்கே இருக்கிறது, வெளியிலிருந்து வருகிற ஒன்று அதைச் சுலபமாகத் தொட முடியுமா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் இந்தப் பாடத்தில் முக்கால்வாசி தானாகவே பிடிபட்டுவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஈத்தேனுக்கும் ஈத்தீனுக்கும் இரண்டே இரண்டு ஹைட்ரஜன்தான் வித்தியாசம். குணம் மட்டும் ஏன் அடியோடு மாறுகிறது?

ஈத்தேனில் உள்ள ஏழு பிணைப்புகளும் சிக்மா பிணைப்புகள். சிக்மா பிணைப்பின் எலக்ட்ரான் ஜோடி இரண்டு அணுக்கருக்களுக்கு நடுவில், அவற்றை இணைக்கும் கோட்டின் மேலேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் கரு இழுத்துப் பிடித்திருக்கிறது, சுற்றிலும் ஹைட்ரஜன்கள் நிற்கின்றன. எலக்ட்ரானைத் தேடி வெளியிலிருந்து வரும் ஒரு எலக்ட்ரான் கவர் பொருளுக்கு அங்கே கை வைக்க இடமே இல்லை.

ஈத்தீனில் ஐந்து சிக்மா பிணைப்புகள், கூடவே ஒரு பை பிணைப்பு. இந்தப் பை பிணைப்பின் இரண்டு எலக்ட்ரான்களும் மூலக்கூறின் தளத்துக்கு மேலேயும் கீழேயும் பரவிக் கிடக்கின்றன, கருக்களை இணைக்கும் கோட்டின் மேல் அவை இல்லவே இல்லை. கருவின் பிடி தளர்வு, மறைப்பதற்கும் ஆள் இல்லை. புரோமினோ அமிலத்தின் புரோட்டானோ எது வந்தாலும் முதலில் எதிர்ப்படுவது இந்த எலக்ட்ரான் மேகம்தான். ஆல்கீன் வேதியியல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

எஸ்பி3, எஸ்பி2 என்றெல்லாம் சொல்கிறார்களே, வடிவத்தில் அது என்ன மாற்றம் செய்கிறது?

ஆர்பிட்டால் என்பது அணுவில் எலக்ட்ரான் இருக்கக்கூடிய பகுதி. ஆல்கேனின் கார்பன் தன் நான்கு ஆர்பிட்டால்களையும் கலந்து நான்கு எஸ்பி3 ஆர்பிட்டால்களாக்கி, நான்முகியின் மூலைகளை நோக்கி நீட்டுகிறது. கோணம் 109.5 டிகிரி. ஈத்தீனின் கார்பன் மூன்றை மட்டும் கலந்து எஸ்பி2 ஆக்குகிறது. அந்த மூன்றும் ஒரே தளத்தில் ஏறக்குறைய 120 டிகிரி விரிந்து நிற்கின்றன. கலக்காமல் மிஞ்சிய ஒரு பி ஆர்பிட்டால் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும். பக்கத்துக் கார்பனிலும் அதே மாதிரி ஒன்று நிற்கும். இரண்டும் பக்கவாட்டில் மேற்பொருந்தினால் பை பிணைப்பு. ஆகவே ஈத்தீனின் ஆறு அணுக்களும் ஒரே தளத்தில்தான் இருக்கும்.

கார்பன்களுக்கு இடையிலான தூரம் ஈத்தேனில் 1.54 ஆங்ஸ்ட்ராம், ஈத்தீனில் 1.34 ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜன்களுக்கு இடையிலான கோணம் ஈத்தீனில் 120 டிகிரி இருக்காது, சுமார் 117தான். இரட்டைப் பிணைப்பில் எலக்ட்ரான் அடர்த்தி அதிகம், அது பக்கத்துப் பிணைப்புகளைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. நுழைவுத் தேர்வில் இதை ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இரட்டைப் பிணைப்பு ஒற்றைப் பிணைப்பை விட வலுவானது என்று புத்தகத்தில் இருக்கிறது. வலுவானது என்றால் வினைபுரியாமல் சும்மா இருக்க வேண்டாமா?

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இதைக் கேட்காமல் ஒருவர் பாடத்தைத் தாண்டிப் போனால் எங்கோ மனப்பாடம் செய்திருக்கிறார் என்றுதான் நினைப்பேன்.

கார்பன் கார்பன் ஒற்றைப் பிணைப்பின் சராசரி ஆற்றல் மோலுக்கு சுமார் 347 கிலோஜூல். இரட்டைப் பிணைப்புக்கு சுமார் 611. வலுவானதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் இரட்டிப்பு வலு கிடையாது. இரட்டிப்பு என்றால் 694 வந்திருக்க வேண்டும். சிக்மாவுக்கு 347 போக மிஞ்சுவது 264 மட்டுமே, அதுதான் பை பிணைப்பின் பங்கு.

ஆல்கீனில் வேறொன்று வந்து சேரும் சேர்க்கை வினையில் இரட்டைப் பிணைப்பு முழுவதையும் யாரும் உடைப்பதில்லை. பை பகுதி மட்டும் போகிறது, சிக்மா அப்படியே நிற்கிறது. போன அந்த ஒரு பைக்குப் பதிலாக இரண்டு புதிய சிக்மா பிணைப்புகள் வந்து சேர்கின்றன. ஈத்தீனும் ஹைட்ரஜனும் சேர்வதையே கணக்குப் போட்டுப் பாருங்கள். உடைக்க வேண்டியது பை பிணைப்பு 264, ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பு 436, மொத்தம் 700. கிடைப்பது இரண்டு கார்பன் ஹைட்ரஜன் பிணைப்புகள், ஒவ்வொன்றும் சுமார் 413, மொத்தம் 826. ஆக 126 கிலோஜூல் வெளியே வர வேண்டும். சோதனையில் அளந்தால் 137 வருகிறது. சராசரி மதிப்புகளை வைத்துப் போட்ட கணக்குக்கு இவ்வளவு நெருக்கம் தாராளம்.

எனவே "இரட்டைப் பிணைப்பு பலவீனமானது, அதனால் ஆல்கீன் வினைபுரிகிறது" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். அதன் ஒரு பகுதி பலவீனமானது, அந்தப் பகுதி வெளியே தெரிகிற இடத்தில் இருக்கிறது, அதைக் கொடுத்தால் அதைவிட வலுவானவை இரண்டு கிடைக்கின்றன. மூன்றையும் சேர்த்து எழுதினால்தான் முழு விடை.

அவ்வளவு ஆற்றல் வெளிவருமென்றால் ஈத்தீனையும் ஹைட்ரஜனையும் ஒரே குடுவையில் விட்டாலே போதுமே?

விட்டால் ஒன்றும் நடக்காது. ஆற்றல் லாபம் என்பது வேறு, வினை ஓடும் வேகம் என்பது வேறு. ஹைட்ரஜன் மூலக்கூறு எலக்ட்ரான் தேடி அலைகிற ஜாதி இல்லை, அதன் பிணைப்பும் வலுவானது. நிக்கல், பிளாட்டினம், பல்லேடியம் மாதிரி ஒரு உலோகத்தின் பரப்பில் அது பிளந்து ஒட்டிக்கொண்டால்தான் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஆல்கீனோடு சேரும். பொடியாக்கிய உலோகங்களை வைத்து இதைச் செய்து காட்டிய பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியேவுக்கு 1912-ல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு ஹைட்ரஜனும் உலோகப் பரப்பு இருக்கிற பக்கத்திலிருந்தே வருவதால் மூலக்கூறின் ஒரே முகத்தில் சேர்கின்றன.

ஈத்தீனில் ஆற்றல் கூடுதல் என்றால் எரிக்கும்போது ஈத்தேனை விட அதிக வெப்பம் வர வேண்டும். பட்டியலில் குறைவாக இருக்கிறதே?

ஈத்தேனுக்கு மோலுக்கு 1560 கிலோஜூல், ஈத்தீனுக்கு 1411. ஈத்தீனில் இரண்டு ஹைட்ரஜன் குறைவு என்பதை மறந்துவிட்டுக் கேட்கிற கேள்வி இது. அந்த ஒரு மோல் ஹைட்ரஜனைத் தனியாக எரித்தால் 286 வரும். 1411-ஐயும் 286-ஐயும் கூட்டினால் 1697, அதில் 1560 போனால் மீதி 137. மேலே ஹைட்ரஜனேற்றத்தில் பார்த்த அதே எண். எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றே என்கிற ஹெஸ் விதியை நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆல்கேன் எதற்குமே அசையாதா?

அமிலம், காரம், பெர்மாங்கனேட் எதுவும் சாதாரண நிலையில் அதைத் தொடாது. சோடியம் உலோகத்தைப் பள்ளி ஆய்வகத்தில் மண்ணெண்ணெயில் போட்டு வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தண்ணீரைக் கண்டால் பற்றி எரிகிற சோடியம் ஆண்டுக்கணக்கில் அதற்குள் பேசாமல் கிடக்கிறது, காரணம் மண்ணெண்ணெயில் பெரும்பகுதி ஆல்கேன் வகை ஹைட்ரோகார்பன்கள். கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் எலக்ட்ரான் கவர் தன்மையில் பெரிய வேறுபாடு இல்லாததால் மின்சுமை எங்கும் ஒதுங்கி நிற்பதில்லை. தனி ஜோடி எலக்ட்ரானும் இல்லை, காலி ஆர்பிட்டாலும் இல்லை.

ஆனால் ஒற்றை எலக்ட்ரானோடு வரும் தனி உறுப்பிடம் இந்தப் பாதுகாப்பு செல்லாது. குளோரின் மேல் வெளிச்சம் பட்டால் அதன் 242 கிலோஜூல் பிணைப்பு உடைந்து குளோரின் அணுக்கள் பிறக்கின்றன. ஒரு அணு ஆல்கேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், மிஞ்சிய ஆல்கைல் தனி உறுப்பு இன்னொரு குளோரின் மூலக்கூறை உடைக்கும், அதிலிருந்து மறுபடி ஒரு குளோரின் அணு, இப்படியே சங்கிலியாக ஓடும். மீத்தேனோடு செய்தால் ஒன்று முதல் நான்கு குளோரின் ஏறியவை வரை எல்லாம் கலந்து வரும், பிரித்தெடுப்பது பெரும்பாடு.

புரோமின் இதில் ரொம்ப நிதானம். புரப்பேனைக் குளோரினேற்றம் செய்தால் அறை வெப்பநிலையில் 1-குளோரோபுரப்பேன் 45 சதவீதம், 2-குளோரோபுரப்பேன் 55 சதவீதம் வாக்கில் வரும். புரோமின் என்றால் 97 சதவீதம் வரை 2-புரோமோபுரப்பேன். குளோரின் அணு ஹைட்ரஜனைப் பிடுங்கும் படி வெப்பத்தை வெளிவிடும் படி, அதனால் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறது. புரோமின் அணுவுக்கோ அதே படி ஆற்றலை உறிஞ்சும் படி, ஆகவே எந்த ஹைட்ரஜன் லேசாக வரும் என்று தேர்ந்தெடுத்தே எடுக்கிறது.

புரோமின் நீர் சோதனையில் ஆல்கேனும் நிறத்தைப் போக்குகிற மாதிரி தெரிகிறதே?

தெரியும். எங்கே பார்க்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு சோதனைக் குழாயில் ஹெக்சேனையும் ஆரஞ்சு நிறப் புரோமின் நீரையும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கீழே இருக்கிற நீர் அடுக்கு வெளுத்துவிடும். உடனே "நிறம் போச்சு" என்று எழுதிவிடுகிறார்கள். மேல் அடுக்கைப் பாருங்கள், ஆரஞ்சு முழுவதும் அங்கே ஏறியிருக்கும். புரோமினுக்குத் தண்ணீரை விட ஹெக்சேனில் கரைவது பிடிக்கும், அவ்வளவுதான். வினை எதுவும் நடக்கவில்லை. அதே வேலையை ஹெக்சீனில் செய்தால் குலுக்கக் குலுக்க இரண்டு அடுக்கிலும் நிறம் இல்லாமல் போகும். இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் மனதில் நிற்கும்.

அப்புறம் ஜன்னலோரம் வெயிலில் செய்யாதீர்கள். வெயில் பட்டால் ஹெக்சேனும் மெதுவாகப் பதிலீட்டு வினை (ஒரு ஹைட்ரஜனை விட்டு அந்த இடத்தில் புரோமினை ஏற்பது) செய்து நிறத்தைப் போக்கிவிடும். அப்போது ஹைட்ரஜன் புரோமைடு வாயு வருமே, ஈரமான நீல லிட்மஸ் சிவக்குமே, அதை வைத்துப் பிரித்துவிடலாமே என்றால், தண்ணீர் இல்லாத கரைப்பானில் செய்யும்போது மட்டும் அந்த லிட்மஸை நம்புங்கள். புரோமின் நீரில் ஆல்கீனே ஹைட்ரஜன் புரோமைடைத் தரும். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

ஃபீனால், அனிலீன் ஆகியவையும் புரோமின் நீரின் நிறத்தைப் போக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நிறம் போனது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஆல்கீன் என்று முடிவு கட்டக் கூடாது.

ஈத்தீனோடு புரோமின் நீர் தருவது 1,2-டைபுரோமோஈத்தேன்தானே?

கார்பன் டெட்ராகுளோரைடு மாதிரியான கரைப்பானில் ஆமாம். நீரில் முக்கியமாகக் கிடைப்பது 2-புரோமோஎத்தனால். ஒரு கார்பனில் புரோமின், மற்றதில் ஹைட்ராக்சில்.

இதற்கான விளக்கம் அழகானது. புரோமின் மூலக்கூறு பை மேகத்தை நெருங்கும்போது பக்கத்தில் இருக்கிற புரோமின் நேர் மின்சுமை சாயலும் அடுத்தது எதிர் மின்சுமை சாயலும் பெறுகின்றன. பை எலக்ட்ரான்கள் முதல் புரோமினைப் பிடிக்க, இரண்டாவது புரோமைடு அயனியாக விலகிப் போகிறது. பிடிபட்ட புரோமின் இரண்டு கார்பனையும் சேர்த்துப் பிடித்து மூன்று அணு வளையமாக நிற்கிறது, அதுதான் புரோமோனியம் அயனி. 1937-ல் ராபர்ட்ஸும் கிம்பாலும் முன்வைத்த கருத்து இது. அந்த வளையத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து தாக்குகிறவர் யாராகவும் இருக்கலாம். தண்ணீரில் செய்தால் சுற்றிலும் இருப்பது தண்ணீர்தான், அதுவே தாக்கி, ஒரு புரோட்டானை இழந்து ஆல்கஹாலாகிறது. இழந்த புரோட்டானும் புரோமைடும் சேர்ந்ததுதான் லிட்மஸைக் குழப்பிய ஹைட்ரஜன் புரோமைடு.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால் நன்றாகவே இருக்கிறது. புரோமின் நீரில் சாதாரண உப்பைக் கரைத்து ஈத்தீனைச் செலுத்தினால் 1-புரோமோ-2-குளோரோஈத்தேனும் சேர்ந்து வருகிறது, ஆனால் டைகுளோரோஈத்தேன் வருவதில்லை. இரண்டு அணுவும் ஒரே நேரத்தில் சேர்ந்திருந்தால் குளோரைடு உள்ளே நுழைய வழியே இருந்திருக்காது. சைக்ளோபென்டீனில் செய்தால் இரண்டு புரோமினும் வளையத்தின் எதிரெதிர் முகங்களில் உட்கார்ந்திருக்கும், அதுவும் எதிர்ப்பக்கத் தாக்குதலைத்தான் சொல்கிறது.

மார்கோவ்னிகாஃப் விதியை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

"ஹைட்ரஜன் அதிகம் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும்" என்பது ரஷ்ய வேதியியலாளர் விளாதிமிர் மார்கோவ்னிகாஃப் 1870 வாக்கில் சோதனை முடிவுகளைப் பார்த்துச் சொன்னது. அன்றைக்கு எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படவில்லை. நமக்குத்தான் தெரியுமே, காரணத்தோடு படிப்போம்.

புரப்பீனின் பை எலக்ட்ரான்கள் ஹைட்ரஜன் புரோமைடின் புரோட்டானை எடுத்துக்கொண்டால் ஒரு கார்பன் நேரயனி உருவாகும். புரோட்டான் ஓரக் கார்பனுக்குப் போனால் நேர் மின்சுமை நடுக் கார்பனில் விழும், அது ஈரிணைய அயனி, அதாவது மின்சுமை உள்ள கார்பனோடு இரண்டு கார்பன்கள் சேர்ந்திருப்பது, இரு பக்கமும் உள்ள மெத்தில் தொகுதிகள் எலக்ட்ரானைத் தந்து தாங்குகின்றன. மாறிப் போனால் ஓரிணைய அயனி, நிலைப்புத்தன்மை ரொம்பக் குறைவு. வினை தாங்கக்கூடிய வழியில் போகிறது, 2-புரோமோபுரப்பேன் வருகிறது.

காரணத்தைப் புரிந்துகொண்டவருக்கு விதி உடையும் இடமும் தெரியும். புரப்பீனின் மெத்திலில் உள்ள மூன்று ஹைட்ரஜனையும் ஃபுளூரினாக மாற்றிவிட்டால் அந்தத் தொகுதி எலக்ட்ரானைப் பலமாக இழுக்கும். அதற்குப் பக்கத்துக் கார்பனில் நேர் மின்சுமை வரவே முடியாது. அங்கே ஹைட்ரஜன் நடுக் கார்பனுக்கும் ஹாலஜன் ஓரத்துக்கும் போகும். விதியின் வாசகம் பொய்த்துவிட்டது, நிலையான நேரயனி வழியாகப் போகும் என்கிற காரணம் பொய்க்கவில்லை.

பெராக்சைடு இருந்தால் மார்கோவ்னிகாஃப் விதி தலைகீழாகிறதே, அதுவும் ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும்?

1933-ல் காரஷும் மேயோவும் காட்டியது. பெராக்சைடு இருந்தால் வழியே மாறிவிடுகிறது, நேரயனி இல்லை, தனி உறுப்பு. முதலில் போய்ச் சேர்வது புரோட்டான் இல்லை, புரோமின் அணு. அது ஓரக் கார்பனில் சேர்ந்தால் நடுவில் நிலையான ஈரிணையத் தனி உறுப்பு கிடைக்கும், பிறகு ஹைட்ரஜன் அங்கே வரும். ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பு 431 கிலோஜூல், தனி உறுப்பால் அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிச் சங்கிலியை ஓட்ட முடியாது. அயோடின் விஷயத்தில் அயோடின் அணு ஆல்கீனில் சேரும் படியே ஆற்றல் கேட்கிறது. சங்கிலியின் இரண்டு படிகளும் ஆற்றலை வெளிவிடுவது புரோமைடில் மட்டும்தான்.

சிஸ், டிரான்ஸ் வேறுபாடு ஆல்கேனில் ஏன் வருவதில்லை?

இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களிலும் உள்ள தொகுதிகள் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ். ஈத்தேனில் நடுப் பிணைப்பைச் சுற்றிச் சுழலத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 12 கிலோஜூல்தான், அறை வெப்பநிலையிலேயே ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஈத்தீனில் சுழற்றினால் பி ஆர்பிட்டால்களின் மேற்பொருந்தல் போய்விடும், அதாவது பை பிணைப்பையே உடைத்தாக வேண்டும், 260-க்கும் மேல். சும்மா வைத்திருந்தால் ஒருபோதும் நடக்காது. அதனால் சிஸ்-2-பியூட்டீனும் டிரான்ஸ்-2-பியூட்டீனும் தனித்தனிப் பொருள்கள், தனித்தனிப் பாட்டிலில் வைக்கலாம். கொதிநிலை 4, 1 டிகிரி செல்சியஸ் வாக்கில் நெருங்கியிருந்தாலும் உருகுநிலை மைனஸ் 139, மைனஸ் 106 என்று விலகி நிற்கிறது. ஹைட்ரஜனேற்றும்போது சிஸ் சுமார் 120 கிலோஜூலும் டிரான்ஸ் சுமார் 116-ம் தருகின்றன. இரண்டும் முடிவில் அதே பியூட்டேன்தான் ஆகின்றன, ஆகவே அந்த 4 கிலோஜூல், இரண்டு மெத்திலும் ஒரே பக்கம் நெருக்கியடிப்பதால் சிஸ் சுமந்துகொண்டிருந்த சுமை.

வெப்பத்தால் நடக்காத சுழற்சி ஒளியால் நடக்கும். இந்த வரியை நீங்கள் படிப்பதே அதனால்தான். விழித்திரையில் உள்ள ரெட்டினால் மூலக்கூறின் 11-வது இடத்து இரட்டைப் பிணைப்பு சிஸ் நிலையில் இருக்கும், ஒரு ஒளித்துகள் பட்டதும் டிரான்ஸாகத் திரும்பிவிடும், ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கை விடக் குறைந்த நேரத்தில். பார்வையின் முதல் வேதிவினை அது.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. இதற்கும் பாடத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக உண்டு. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்றவை, இரட்டைப் பிணைப்பு இல்லாத நேரான சங்கிலிகள். நேரான சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும், 24 டிகிரிக்குக் கீழே போனாலே எண்ணெய் வெண்மையாகத் திரண்டுவிடும். நல்லெண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக், லினோலியிக் அமிலங்கள். இவற்றில் உள்ள சிஸ் இரட்டைப் பிணைப்பு சங்கிலியை நடுவில் வளைத்துவிடுவதால் நெருக்கமாக அடுக்க முடிவதில்லை.

பதினெட்டுக் கார்பன் உள்ள மூன்று அமிலங்களைப் பக்கத்தில் வைத்தால் இது பளிச்சென்று தெரியும். இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில் உருகும். ஒரு சிஸ் இரட்டைப் பிணைப்பு உள்ள ஒலியிக் அமிலம் 13 டிகிரியிலேயே. அதே இடத்தில் டிரான்ஸ் இருந்தால் அது எலைடிக் அமிலம், 45 டிகிரி வாக்கில். டிரான்ஸ் சங்கிலி கிட்டத்தட்ட நேராகவே போகிறது, அதனால் திடமாக இருக்கிற பக்கம் சாய்கிறது.

வனஸ்பதியின் கதையும் இதுதான். எண்ணெயில் நிக்கலை வைத்து ஹைட்ரஜனைப் பாதியளவு ஏற்றும்போது, உலோகத்தில் ஒட்டிய சில இரட்டைப் பிணைப்புகள் ஹைட்ரஜன் முழுதாக ஏறாமலே விடுபடும், விடுபடும்போது டிரான்ஸாகத் திரும்பியிருக்கும். இந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பது உறுதியான பிறகு, எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதற்கு இந்தியா விதித்த உச்ச வரம்பு 2022 ஜனவரி முதல் 2 சதவீதம்.

எண்ணெயில் எவ்வளவு இரட்டைப் பிணைப்பு என்று அளப்பதற்கும் ஆல்கீனின் சேர்க்கை வினைதான். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறதோ அதுவே அயோடின் எண். தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டி, நல்லெண்ணெய்க்கு 100-க்கு மேல், ஆளி விதை எண்ணெய்க்கு 170-க்கு மேல்.

பழம் பழுக்க வைக்கும் வாயு ஈத்தீன்தானா? அப்படியானால் கார்பைடு கல் எதற்கு?

ஈத்தீன்தான், எத்திலீன் என்ற பழைய பெயரில் சந்தையில் சொல்வார்கள். விளக்கு வாயு கசிந்த ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதற்கு அதில் உள்ள எத்திலீனே காரணம் என்று நெல்யுபோவ் என்ற ரஷ்ய ஆய்வாளர் 1901-ல் சொன்னார், செடியே அதை உண்டாக்குகிறது என்பது 1934-ல் உறுதியானது. கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் வருவது அசிட்டிலீன், முப்பிணைப்பு உள்ள ஆல்கைன். உருவ ஒற்றுமையால் அதே வேலையைக் குறைந்த திறனோடு செய்கிறது, கூடவே கல்லில் கலந்துள்ள ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்களும் வரும். அதனால்தான் அது தடை செய்யப்பட்டு, எத்திலீன் வாயு பத்து லட்சத்தில் 100 பங்கு வரை அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

பழப் பெட்டியில் சில சமயம் சின்னப் பொட்டலம் ஒன்று கிடக்கும். அதில் இருப்பது பெர்மாங்கனேட் ஏற்றிய துகள்கள். நீங்கள் ஆய்வகத்தில் செய்யும் பேயர் சோதனையேதான்: ஊதா பெர்மாங்கனேட் எத்திலீனை ஆக்சிஜனேற்றி, தான் பழுப்பு நிற மாங்கனீசு டைஆக்சைடாகிறது. துகள் பழுப்பானால் பொட்டலத்தை மாற்ற வேண்டும்.

பாலித்தீனில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறதா?

இல்லை. பெயரில்தான் ஈத்தீன், பலபடியானதும் பை பிணைப்புகள் எல்லாம் சிக்மாவாகிவிடும், மிஞ்சுவது பிரமாண்டமான ஆல்கேன். 1933-ல் இங்கிலாந்தின் வின்னிங்டனில் உயர் அழுத்தத்தில் எதிர்பாராமல் கிடைத்த மெழுகு போன்ற பொருள் அது. ஆல்கேன் என்பதால்தான் அமிலமும் காரமும் அதில் ஊற்றி வைக்கலாம், ஆல்கேன் என்பதால்தான் குப்பையில் போட்டால் மக்கவும் மாட்டேன் என்கிறது.

ரப்பர் நேர் எதிர். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் வடிக்கிற ரப்பர்ப் பாலில் இருப்பது சிஸ் பாலிஐசோபிரீன், ஒவ்வொரு ஐந்து கார்பன் அலகிலும் ஒரு இரட்டைப் பிணைப்பு மிச்சம் இருக்கும். காற்றில் உள்ள மிகச் சிறிதளவு ஓசோனே போதும், இழுவிசையில் இருக்கிற ரப்பரில் இழுக்கும் திசைக்குக் குறுக்காக வெடிப்பு விடும். பழைய டயரின் பக்கச் சுவரில் பார்க்கலாம். இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் ஓசோன் சங்கிலியை வெட்டிவிடுகிறது, பாடத்தில் வரும் ஓசோனேற்றம் அதுவே. ஹாரிஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ரப்பரை ஓசோனால் துண்டாக்கி, வந்த லெவுலினிக் ஆல்டிஹைடை வைத்தே அதன் அமைப்பைத் துப்புத் துலக்கினார்.

ஆல்கீன் பதிலீட்டு வினை செய்யவே செய்யாதா?

செய்யும், இடம் வேறு. புரப்பீனையும் குளோரினையும் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் இரட்டைப் பிணைப்பை விட்டுவிட்டுப் பக்கத்து மெத்திலில் பதிலீடு நடந்து அல்லைல் குளோரைடு வரும். அங்கே ஹைட்ரஜன் போனால் மிஞ்சும் தனி உறுப்பு பை மேகத்தோடு பரவி நிலைபெறுகிறது.

சைக்ளோபுரப்பேனில் இரட்டைப் பிணைப்பு இல்லை. பிறகு ஏன் புரோமினோடு வினைபுரிகிறது?

புரப்பீனும் சைக்ளோபுரப்பேனும் ஒரே வாய்பாடு, மூன்று கார்பன், ஆறு ஹைட்ரஜன். வளையத்தில் கார்பன்களுக்கு இடையே கோணம் 60 டிகிரி, ஆர்பிட்டால்களால் அவ்வளவு மடங்க முடியாது. எனவே பிணைப்பு எலக்ட்ரான்கள் கருக்களை இணைக்கும் நேர்கோட்டில் இல்லாமல் வளையத்துக்கு வெளியே புடைத்து நிற்கின்றன. பெயருக்கு சிக்மா, ஆனால் மேற்பொருந்தல் குறைவு, எலக்ட்ரானும் வெளியே தெரிகிறது. நிக்கலோடு ஹைட்ரஜனைக் கொடுத்துச் சூடாக்கினால் வளையம் திறந்து புரப்பேன் ஆகும், புரோமினும் வளையத்தைத் திறக்கும், என்றாலும் புரப்பீனை விட மெதுவாக. இரண்டையும் பிரித்தறியச் சொன்னால் குளிர்ந்த நீர்த்த பெர்மாங்கனேட்டை எடுங்கள். புரப்பீன் ஊதாவைப் பழுப்பாக்கிவிடும், சைக்ளோபுரப்பேனில் ஊதா அப்படியே இருக்கும்.